சதுரம் யாருக்கு?

திருவேங்கடத்திலிருந்து தெற்கே போனால் கழுகுமலை. சின்ன வயசிலிருந்தே அங்குள்ள வெட்டுவான் கோயிலைப் பார்த்து வருகிறேன். கலைவரலாற்று நூல்கள் அதைத் 'தென்னகத்தின் எல்லோரா' என்று கொண்டாடுகின்றன. சிகரத்தின் வடிவம், தளங்களின் அளவு எல்லாம் பேசப்படுகின்றன. வடிவத்துக்குள் அதிகாரம் எப்படி வந்து உட்காருகிறது என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது.

எங்க பக்கம் வானம் தோண்டுகிற அன்னைக்குக் கொத்தனார் நூல் பிடிப்பார். ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே அஞ்சடி வந்தால் மூலைமட்டம் சரி. யார் வீடானாலும் அதே அஞ்சடிதான். மயமதத்தில் கதை வேறே. மனை பிராமணனுக்குச் சதுரம். க்ஷத்திரியனுக்கு அகலத்தைவிட நீளம் எட்டில் ஒரு பங்கு கூடும். வைசியனுக்கு ஆறில் ஒன்று. சூத்திரனுக்கு நாலில் ஒன்று. சதுரத்திலிருந்து விலக விலக ஆள் படியிறங்குகிறான். நாலு வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவனுக்கு இந்தக் கணக்கில் மனையே இல்லை. சிகரங்களிலும் சதுரம் நாகரம், எண்கோணம் திராவிடம், வட்டம் வேசரம் என்று பிரித்து, சில நூல்கள் அவற்றுக்கும் வருணம் சொல்கின்றன. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1946இல் வெளியிட்ட 'இந்துக் கோயில்' நூலில் சதுரம் பூரணத்தின் வடிவமாகிறது. அந்தப் பூரணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மயமதம் பின்னத்திலேயே சொல்லிவிடுகிறது.

ஏட்டில் போட்ட கோடு தெருவுக்கும் வரும். கழுகாசலமூர்த்தி கோயில் மலையைக் குடைந்தது. சுற்றி வர வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். சதுரத்தின் ஒழுங்கு அங்கே முழுசாக இல்லை. ஆனாலும் தேர்வீதி என்ற எல்லைக்கோடு இருந்தது. நாடார்கள் தங்கள் ஊர்வலம் அந்த வீதிகளில் போக உரிமை கேட்டார்கள். எட்டயபுரம் ஜமீன் மறுத்தது. பலர் கத்தோலிக்கரானார்கள். 1895இல் தேரோட்டத்தன்று கலவரம் மூண்டு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. தேர் போகிற பாதையில் யார் நடக்கலாம் என்பதும் கட்டடக்கலைதான்.

திரும்ப மலைக்கு வருவோம். வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து தனியாக்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். எண்கோணச் சிகரம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. மயமதமோ சோழர் காலத் தொகுப்பு என்பதே பொதுவான கணிப்பு. அப்படியானால் உளி முந்தியது, ஏடு பிந்தியது. கல்லில் கை கண்ட வடிவத்துக்கு ஏடு பிறகு வந்து வருணம் பூசியிருக்கிறது. இதைச் சொல்வதால் சிற்பிகளைச் சாதிக்கு வெளியே நிறுத்திவிட முடியாது. தொழிலும் பிறப்பும் அங்கேயும் பிணைந்தே கிடந்தன. மகன் முந்திக்கொண்டான் என்று தகப்பன் சிற்பியே அவனைக் கொன்றான், அதனால்தான் கோயில் பாதியில் நின்றது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் ராஜா செத்ததாக யாரும் சொல்வதில்லை. செத்தவன் கல் வெட்டியவன்.

சிகரத்தை அண்ணாந்து பார்த்தே நம் கட்டடக்கலை வரலாறு எழுதப்பட்டுவிட்டது. முடியாத அடிப்பகுதியில் உளித்தடம் அப்படியே இருக்கிறது. அடுத்த வரலாற்றை அங்கிருந்து, குனிந்து, தொடங்கலாம்.