ஆயுத விளக்கின் அழுத்து சுவிட்ச்

ரைபிளின் முன்பகுதியில் பொருத்திய டார்ச்சை, பிடித்த பிடியை விடாமலே எரியவைக்க உதவும் மெல்லிய ரப்பர்ப் பட்டைக்கு அழுத்து சுவிட்ச் என்று பெயர். துப்பாக்கி வட்டாரத்தில் ‘பிரஷர் பேட்’, ‘டேப் சுவிட்ச்’ என்பார்கள். குழலின் சூடு கையைச் சுடாதபடி குழலைச் சுற்றிப் போட்டிருக்கும் கைக்காப்பின் மேல் இது ஒட்டியோ திருகியோ இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு கம்பி டார்ச்சின் வால்மூடிக்குப் போகும். உள்ளே இருப்பது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நடுவில் மயிரிழை இடைவெளி. கட்டைவிரலால் அழுத்தினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும், விளக்கு எரியும். விரலை எடுத்தால் அணையும். அமெரிக்க நகரப் பேருந்துகள் சிலவற்றில் ‘இறங்கணும்’ என்று ஓட்டுநருக்குச் சொல்ல ஜன்னலோரமாக ஒட்டியிருக்கும் பட்டையும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான்.

துப்பாக்கியில் விளக்குக்கு ஒரு விரலும் குண்டுக்கு ஒரு விரலும் வேண்டும். அந்த இரண்டு விரல்களும் ஒரே கையில் இருக்கலாமா, வேறு வேறு கைகளில் இருக்க வேண்டுமா என்ற கேள்விதான் இந்தச் சிறு பட்டையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது. (ஆங்கிலத்தில் ‘டிரிக்கர்’ எனப்படுவது இக்கட்டுரையில் ‘விசை’. விளக்கை இயக்குவது ‘சுவிட்ச்’. தமிழில் இரண்டையும் விசை என்று எழுதிவிடும் வழக்கம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

கையில் பிடிக்கும் மின்விளக்குக்கு டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1899 ஜனவரியில். அன்றைய உலர் மின்கலங்களுக்குத் தொடர்ந்து எரிக்கும் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் அழுத்தி, பார்த்துவிட்டு, விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ்லைட்’ என்ற பெயர் வந்ததே அதனால்தான். மின்கலம் பலவீனமாக இருந்ததால் வந்த இந்த ‘அழுத்தினால் எரி, விட்டால் அணை’ என்ற வழக்கத்தை, மின்கலம் வலுப்பெற்ற பிறகும் ஆயுத விளக்கு விடாமல் வைத்துக்கொண்டது.

துப்பாக்கியில் விளக்கு ஏறிய தொடக்ககாலக் கதைகளில் ஒன்று காட்டில் நடந்தது. இமயமலை அடிவாரத்தில் 125 பேரைக் கொன்றதாகப் பதிவான ருத்ரபிரயாக் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் சுட்டார். குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் அவர். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. இருட்டில் மணி ஒலித்ததும் ரைபிளில் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். வெளிச்சம் சிறுத்தையின் தோளில் விழுந்தது. சுட்டார். அத்தோடு டார்ச்சும் அணைந்துபோனது. சுட்டது பட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை மரத்திலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றைய வசதிகளோடு ஒப்பிட்டால் அந்த டார்ச் ஒன்றுமேயில்லை. ஆனால் குறிபார்த்த கண்ணையும் தோளில் பதிந்த கட்டையையும் அசைக்காமல் விளக்கு எரிய வேண்டும் என்ற தேவை அந்த மரத்திலேயே முழுதாகத் தெரிந்துவிட்டது.

போர்க்களத்தில் இந்தத் தேவைக்குக் கிடைத்த தெளிவான விடைகளில் ஒன்று, 1945இல் ஒகினாவாவில் அமெரிக்கப் படை பயன்படுத்திய ‘ஸ்னைப்பர்ஸ்கோப்’. கார்பைன் துப்பாக்கியில் ஓர் அகச்சிவப்பு விளக்கு, அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காட்டும் தொலைநோக்கி, முதுகில் சுமக்கும் மின்கல மூட்டை எல்லாம் சேர்ந்தது அது. எட்டும் தூரம் எழுபது கஜம் போல. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அதன் முன்பிடி. துப்பாக்கியைத் தாங்கும் கைக்கென்று கீழே ஒரு பிடி வைத்து, விளக்கின் சுவிட்சை அதில் அமைத்திருந்தார்கள். ஒரு கை விளக்குக்கு, மறு கை விசைக்கு என்ற பிரிவினை அங்கே உறுதிப்பட்டது.

1980 மே 5 அன்று லண்டனில் பிணைக்கைதிகளை மீட்க ஈரான் தூதரகத்துக்குள் புகுந்த பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை வீரர்களின் எம்.பி.5 துப்பாக்கிகள் சிலவற்றின் மேல் பெரிய டார்ச் பூட்டியிருந்தது. தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் உலகமே அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு போலீஸ் படைகள் தங்கள் துப்பாக்கிகளிலும் டார்ச்சை ஏற்ற முனைந்தன. ஹோஸ் கிளாம்ப், இன்சுலேஷன் டேப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டினார்கள். டார்ச் நின்றது, சுவிட்ச்தான் கைக்கு எட்டவில்லை. வால்முனையில் இருக்கும் பொத்தானை அழுத்தத் தாங்கும் கையைப் பின்னுக்கு இழுத்தால் குழல் ஆடும்.

இதைத் தீர்த்த நிறுவனங்களில் முக்கியமானது கலிபோர்னியாவில் ஜான் மாத்யூஸ் 1979இல் தொடங்கிய ‘லேசர் ப்ராடக்ட்ஸ்’ நிறுவனம். பின்னாளில் ‘சூர்ஃபயர்’ என்று பெயர் மாறியது. 1984இல் வந்த ‘தி டெர்மினேட்டர்’ படத்தில் ஷ்வார்ஸ்நெகர் ஏந்தும் லேசர் பொருத்திய கைத்துப்பாக்கி இவர்கள் செய்துகொடுத்ததுதான். அந்த ஹீலியம்-நியான் லேசருக்கு மின்சாரம் உடைக்குள் மறைத்த கம்பி வழியாகப் போனது. அதை எரியவைக்க நடிகர் தன் மறு கையைப் பயன்படுத்தினார்.

இந்நிறுவனம் பம்ப் ஷாட்கன்னுக்குச் செய்த வடிவமைப்பு எளிமையிலும் பொருத்தத்திலும் உயர்ந்தது. ஷாட்கன்னில் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்கட்டையைப் பின்னிழுத்து முன்தள்ள வேண்டும். கட்டை நகர்ந்து, சுவிட்ச் நிலையாக ஓரிடத்தில் இருந்தால் பயனில்லை. அதனால் முன்கட்டையையே கழற்றிவிட்டு, விளக்கும் அழுத்துப் பட்டையும் உள்ளேயே அமைந்த புதுக் கட்டையைப் போட்டார்கள். கை எங்கே போகிறதோ அங்கே சுவிட்சும் போனது. எம்.பி.5க்கும் அதே முறையில் முன்கைப்பிடி வந்தது.

ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிக்கட்டை செய்துகொண்டே இருக்க முடியாது. 1995 பிப்ரவரியில் துணைக்கருவிகளைப் பொருத்தத் துப்பாக்கிமேல் அமையும் ‘பிக்காட்டினி’ தண்டவாளத்தை அமெரிக்க ராணுவம் அளவுத்தரமாக ஏற்றது. நியூஜெர்சியில் உள்ள ஆயுதச்சாலையின் பெயர் அது. 5.23 மி.மீ. அகலக் காடிகள், 10.01 மி.மீ.க்கு ஒன்று வீதம். எந்த நிறுவனத்தின் விளக்கும் எந்த ரைபிளிலும் ஏறலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனத்தின் தண்டவாளக் கைக்காப்பு, எம்4 கார்பைனின் நான்கு பக்கமும் காடி கொடுத்தது. சுவிட்சும் மாறியது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் வந்தது போய், தண்டவாளத்தில் தானே கவ்வும் வகை வந்தது. ஒட்டுப்பட்டை வியர்வையிலும் எண்ணெயிலும் சூட்டிலும் பிசின் இளகி நழுவிவிடும். விரல் பழகிய இடத்தில் சுவிட்ச் இல்லாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

நாற்புறக் காடி கையை அறுத்தது, எடையும் கூடியது. 2012இல் ‘கீமாட்’, 2014இல் மேக்புல் நிறுவனத்தின் ‘எம்-லாக்’ என்று, வழுவழுப்பான கைக்காப்பில் துளைகள் மட்டும் விடும் முறைகள் வந்தன. அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக நடந்த சோதனையில் எம்-லாக் முந்தியது. அதில் துளைக்குள் விட்ட நட்டு, திருகை முடுக்கும்போது கால் சுற்று திரும்பி உட்புறம் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் கைக்காப்போடு ஒட்டிப் படுத்துவிடுகிறது.

எந்த இடத்தில் வைப்பது? முதலில் பக்கவாட்டில் வைத்தார்கள். வலக்கைக்காரருக்கு அது வசதி. சுவரின் இடப்பக்க மூலையிலிருந்து எட்டிப்பார்க்க ரைபிளைத் தோள் மாற்றும்போது சுவிட்ச் தப்பான பக்கம் போய்விடும். கைக்காப்பின் மேல்முதுகில் வைத்தால் இரண்டு கட்டைவிரலுக்கும் எட்டும். இன்று பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ராணுவ ரைபிளில் அதே முதுகில் ஏ.என்./பி.இ.க்யூ-15 போன்ற அகச்சிவப்பு லேசர் கருவியும் உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். இருட்பார்வைக் கண்ணாடி அணிந்தவருக்கு மட்டுமே தெரியும் லேசரை எரிக்கப் போய், தவறி வெள்ளை விளக்கை அழுத்திவிட்டால், எதிரிக்குத் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். இரட்டைச் சுவிட்சுகளில் ஒன்றை மேடாகவும் மற்றதை வரிவரியாகவும் செய்வது, இருட்டில் விரல் தடவியே தெரிந்துகொள்ள.

விளக்கு வலுப்பெறப் பெற இந்தத் தவறின் விலையும் ஏறியது. செனான் பல்பு போட்ட சூர்ஃபயர் 6பி டார்ச் தந்தது 65 லூமென் ஒளி. வெள்ளை எல்.இ.டி. வந்து முதிர்ந்தபின் அதே நிறுவனத்தின் ரைபிள் விளக்கு ஒன்று 1,500 லூமென் தருகிறது.

கைத்துப்பாக்கியில் நடந்தது வேறு. அங்கே தாங்குவதற்கென்று தனிக் கைக்காப்பு கிடையாது. அதனால் சில வடிவமைப்புகளில் அழுத்து சுவிட்சைப் பிடியிலேயே, விசைக்காப்புக்கு அடியில் வைத்தார்கள். நடுவிரல் அழுத்தினால் விளக்கு, அதே கையின் ஆள்காட்டி விரல் அழுத்தினால் குண்டு. 2010இல் டெக்சஸ் மாநிலம் பிளேனோ நகரில் ஒரு போலீஸ் அதிகாரி, விளக்கை அழுத்த நினைத்து விசையை அழுத்திவிட்டதாகச் சொன்னார். எதிரில் இருந்த மனிதர் இறந்துபோனார். பதற்றத்தில் ஒரு விரல் இறுகினால் பக்கத்து விரலும் இறுகும் என்பது உடலின் இயல்பு. பயிற்சியால் இதை முழுதாக வெல்லலாம் என்பதை நான் ஏற்கவில்லை. தாங்கும் கையின் கட்டைவிரலுக்கு விளக்கைக் கொடுத்த ரைபிள் அமைப்பு, இந்த ஒரு விஷயத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலானது.

ஆனால் எந்தச் சுவிட்சாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஆயுத விளக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே குழலும் பார்க்கிறது. முகவரி தேடவும் பெட்டியைத் துழாவவும் அது கூடாது. அதற்குத் தனியாகக் கைடார்ச் வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று.

இன்றும் இந்த அமைப்பில் நொந்துபோகும் இடம் கம்பிதான். சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவே பெரும்பாலும் ஏழு அங்குலம் போல, அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. தொங்கவிட்டால் எதிலாவது மாட்டும், குழலை ஒட்டிப் போனால் உருகும், இழுத்துக் கட்டினால் இணைப்பில் அறும். கைக்காப்பின் துளைகளில் சிறு கிளிப்புகள் போட்டுத் தளர்வாக ஓட்டுவதே சரியான வழி. ரைபிளைப் பைக்குள் வைக்கும்போது துணியின் அழுத்தமே பட்டையை அழுத்திவிடும். உள்ளே யாரும் பார்க்காமல் எரியும் 1,500 லூமென் விளக்கு பையைப் பொசுக்கும், தேவைப்படும் நேரத்தில் மின்கலமும் காலியாகியிருக்கும். அதனால் வைப்பதற்கு முன் டார்ச்சின் வால்மூடியைச் சற்றுத் தளர்த்தி இணைப்பைத் துண்டித்து வைக்கிறார்கள். எடுத்ததும் முதல் வேலை அதை மறுபடி முடுக்கி, ஒருமுறை அழுத்திப் பார்ப்பது.