ஊசி போட்ட பிறகு தள்ளாட்டமா? காதில் இரைச்சலா? ஜென்டாமைசின் உஷார்!

காய்ச்சல் விட்டாச்சு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கும் வந்தாச்சு. ஆனால் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கு. ரோட்டில் நடந்தால் கடை போர்டு எழுத்தெல்லாம் குதிக்குது. "பத்து நாள் படுத்த உடம்பு, அசதிதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். போட்ட ஊசி ஜென்டாமைசின் என்றால், அது வெறும் அசதியாக இல்லாமலும் போகலாம்.

1960-களில் வெளிவந்த ஆன்டிபயாடிக் இது. விலை குறைவு. ரத்தத்தில் பரவிய கிருமி, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குப் போடுவார்கள். பச்சைக் குழந்தைகளுக்கு கிருமித் தொற்று என்றால் ஆம்பிசிலினோடு சேர்த்து கொடுப்பதும் இதைத்தான். மாத்திரையாக விழுங்கினால் குடலில் இருந்து ரத்தத்தில் சேராது, அதனால்தான் ஊசி. பேரைக் கேட்டதும் வேண்டாம் என்று பயந்து ஓட வேண்டியதில்லை. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

சிக்கல் இரண்டு இடத்தில்தான். ஒன்று கிட்னி. உடம்புக்குள் போன மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறணும். போகிற வழியில் அங்கேயே கொஞ்சம் தேங்கி பாதிக்கும். பெரும்பாலும் ஐந்து, ஏழு நாள் ஊசிக்குப் பிறகு தெரியும். இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கு. கிட்னி பாதித்தாலும் பலருக்கு சிறுநீர் குறையாமல் வழக்கம்போல போகும். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நேரத்தில் கண்டுபிடித்து ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு கிட்னி தேறிவிடும்.

காது விஷயம் அப்படி இல்லை. உள்காதில் சத்தத்தையும் உடம்பின் பேலன்சையும் உணரும் மெல்லிய முடி செல்கள் இருக்கு. அவை செத்தால் மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. ஜென்டாமைசின் முதலில் கைவைப்பது பெரும்பாலும் பேலன்ஸில். அதனால்தான் இருட்டில் தள்ளாட்டம். இரண்டு காதிலும் ஒரே மாதிரி போவதால் பலருக்கு தலை சுற்றாது, அதுவே ஆளை ஏமாற்றிவிடும். கேட்கும் திறன் போனாலும் முதலில் கீச்சென்ற சத்தம்தான் போகும். பேச்சு நன்றாகவே கேட்கும். ஊசி நிறுத்தி சில வாரம் கழித்தும் பாதிப்பு தொடங்கலாம்.

இது புதுக்கதை இல்லை. இதே குடும்பத்து மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1945-லேயே நோயாளிகளுக்கு பேலன்ஸ் போவதை டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். இருந்தும் பல வருஷம் டி.பி. நோயாளிகளுக்கு அது போடப்பட்டது. அந்த ஊசி சேர்ந்த மறுசிகிச்சை முறையை கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் சொன்னது.

யாருக்கு ஆபத்து கூடுதல்? வயதானவர்கள், ஏற்கனவே கிட்னி கோளாறு உள்ளவர்கள், உடம்பில் தண்ணீர் வற்றியவர்கள். நீர் பிரிய லேசிக்ஸ் எடுப்பவர்களுக்கு காதும், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை போடுபவர்களுக்கு கிட்னியும் சீக்கிரம் அடிவாங்கும். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, அம்மா வழி சொந்தத்தில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போயிருக்கா என்று கேட்டுப் பாருங்கள். தாய் வழியாக மட்டும் வரும் ஒரு மரபணுக் கோளாறு இருந்தால், சரியான அளவில் போட்டாலே காது போகலாம். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இங்கிலாந்தில் பிறந்த குழந்தையின் கன்னத்து உட்புறத்தைத் துடைத்தெடுத்து, அரை மணி நேரத்துக்குள் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையின் முடிவு 2022-ல் வெளியானது.

காதில் 'கொய்ங்' சத்தம், நடையில் தள்ளாட்டம், காது மந்தம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்னால் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லணும். ஊசியை நிறுத்துவதா, மாற்றுவதா என்பது அவர்கள் முடிவு. பாதியில் கிளம்பி வந்தால் கிருமி உயிருக்கே உலை வைக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஊசி பேர் எழுதியிருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏற்கனவே தள்ளாட்டம் வந்தவர்களுக்கு பிசியோதெரபி பயிற்சி இருக்கு. போன செல் திரும்பாது, ஆனால் கண்ணையும் காலையும் வைத்து பேலன்ஸ் பண்ண உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும்.