சுமைதாங்கிக் கல்லும் நான்கு நிமிடமும்

சின்ன வயதில் பாறசாலையில் இருந்து களியக்காவிளைக்கு நடந்து போகும் வழியில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர்கள் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம். நான் அதில் தொற்றி ஏறப் பார்த்தால் பாட்டி விடமாட்டாள். "அதுல ஏறாத மக்களே, பிள்ளத்தாச்சிக்க கல்லாக்கும்" என்பாள்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுகிற கல் அது. அவள் இறக்காமலே கொண்டுபோன சுமைக்குப் பதிலாக, வழியில் போகிறவர்களின் சுமையாவது இறங்கட்டும் என்ற எண்ணம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்தக் கற்கள் மட்டும் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. மருத்துவத்துக்கும் எனக்கும் தூரம். இங்கே அலுவலகத்தில் நடந்த முதலுதவி வகுப்பில், "மாரடைப்பில் விழுந்தது கர்ப்பிணியாக இருந்தால்?" என்று சும்மா கேட்டேன். கிடைத்த பதில்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

தாய் இறந்ததும் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது மிகப் பழைய வழக்கம். பிள்ளையை எடுக்காமல் கர்ப்பிணியைப் புதைக்கக் கூடாது என்று பண்டைய ரோமில் சட்டமே இருந்தது. (ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்தார் என்பது கதைதான், அவருடைய தாய் அதன்பின் பல காலம் உயிரோடு இருந்தார்.) நம் சுஸ்ருத சம்ஹிதையும், இறந்த கர்ப்பிணியின் வயிற்றில் அசைவு தெரிந்தால் உடனே கீறிப் பிள்ளையை எடுக்கச் சொல்கிறது. விஷம் கலந்த உணவைச் சாப்பிட்ட ராணி துர்தராவின் வயிற்றைச் சாணக்கியர் கீறி பிந்துசாரனை எடுத்தார் என்பது 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய சமணக் கதை.

இவை எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. தாயைச் செலவில் எழுதிவிட்டு, பிள்ளையை வரவில் வைப்பது. நம் சினிமா டாக்டரும் கதவைத் திறந்துகொண்டு வந்து, "தாயா, பிள்ளையா?" என்றுதானே கேட்கிறார்!

உயிரோடு இருக்கும் தாய்க்குச் சிசேரியன் என்பது எங்கள் பக்கத்தில் நேற்று வந்தது. திருவனந்தபுரம் தைக்காடு மருத்துவமனையில் 1916ல் பொறுப்பேற்ற டாக்டர் மேரி பூணன் லூக்கோஸ்தான் 1920ல் கேரளத்தின் முதல் சிசேரியனைச் செய்தார் என்பார்கள்.

தாயின் இதயம் நின்ற பிறகு செய்யும் சிசேரியனின் கணக்கு மாறியது 1986ல். அமெரிக்காவில் காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பழைய சம்பவங்களைத் திரட்டிப் பார்த்து ஒரு விதி சொன்னார்கள்: தாயின் இதயம் நின்று நான்கு நிமிடத்தில் துடிப்பு திரும்பாவிட்டால் கீறத் தொடங்கு, ஐந்தாவது நிமிடத்துக்குள் பிள்ளையை வெளியே எடு.

காரணம் எளிது. ஐந்து மாதத்துக்கு மேல் வளர்ந்த கருப்பை, மல்லாந்து கிடக்கும் தாயின் பெரிய ரத்தக்குழாயை அழுத்துகிறது. கீழிருந்து இதயத்துக்கு ரத்தம் சரியாகத் திரும்புவதில்லை. நன்றாக நெஞ்சை அழுத்தினாலே வழக்கமான ரத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதுவும் இங்கே குறைந்துவிடும். அதனால்தான் ஒருவர் நெஞ்சை அழுத்தும்போது இன்னொருவர் வயிற்றை இடது பக்கமாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார்கள். பிள்ளையை எடுத்துவிட்டால் அந்த அழுத்தம் நீங்கும். கருப்பை சுருங்கி, அதில் இருந்த ரத்தமும் தாயின் உடம்புக்கே திரும்பும்.

2005ல் அதே காட்ஸ் குழு 38 சம்பவங்களைப் பார்த்தது. தாயின் நாடி, ரத்த அழுத்தம் குறித்து வைக்கப்பட்ட 18ல் 12 பேருக்குப் பிள்ளையை எடுத்த பிறகு நாடி திரும்பியிருந்தது. 2015 வாக்கில் இந்தச் சிகிச்சைக்கு வைத்த புதுப் பெயரின் பொருளே "உயிர்ப்பிக்கும் கீறல்" என்பதுதான்.

கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு தாய்மார்களின் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்கிறது. யாரைத் தண்டிப்பது என்று அல்ல, எங்கே தவறியது என்று பார்க்க. எங்கள் வங்கித் தணிக்கையும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்! 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் மரணம் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுவதும் 97.

வெளிநாட்டில் பிரசவம் பார்க்கும் நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அப்படி ஒரு நேரம் யாருக்கும் வர வேண்டாம். வந்தால், டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குக்கூடக் கொண்டு போகாமல், கையெழுத்துக்கும் காத்திராமல், படுக்கையிலேயே கத்தியை எடுப்பார். "அவளைக் கைவிட்டுவிட்டார்கள்" என்று தடுக்காதீர்கள். அவளுக்காகவும்தான் அந்தக் கத்தி.

சுமையை இறக்கினால் சுமந்தவள் மூச்சு வாங்குவாள். எங்கள் ஊரில் அதற்குக் கல் நட்டு வைத்திருந்தார்கள், அவள் போன பிறகு.