புள்ளி

கணக்குப் படிக்கும் பிள்ளைகள் புள்ளியை ‘பாயிண்ட்’ என்கிறார்கள்; எனக்கு ஆதங்கம். தொல்காப்பியத்தில் புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம். மானின் மேல் அது நிறம், கோலத்தில் இடம், ஈழத்தில் தேர்வு மதிப்பெண், ‘பெரும்புள்ளி’யில் ஆள். மலையாளப் பேச்சில் ‘புள்ளி’ என்றாலே ‘அவர்’. விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்குக் கண்ணாக வைக்கும் கறுப்புப் புள்ளிக்கு அகலம் உண்டு. வடிவியல் புள்ளிக்கு இடம் மட்டுமே. ஒரு பரப்பின் மேல் எண்ணி வைத்த சில புள்ளிகள் வழியே எந்த வளைவரைகள் போகும் என்பது இயற்கணித வடிவியலில் பெரிய கேள்வி. அதை ஆராய உதவும் எண்ணுக்கு, 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ்.சேஷாத்ரியின் பெயரால் ‘சேஷாத்ரி மாறிலி’ என்று பெயர். இத்தனை பொருளையும் தாங்கும் சொல் கணக்கையும் தாங்கும். ஆசிரியர்களே, வகுப்பில் புள்ளி என்றே சொல்லுங்கள்.