வண்ணம் தொட்ட கைகள், நிறம் மாறிய முகங்கள்

ஒரு படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் நிறத்தை மாற்றுவது இன்று நொடி நேர வேலை. புடவையைத் தொட்டால் புடவை பச்சையாகிறது. வானத்தைத் தொட்டால் வானம் நீலமாகிறது. முகத்தைத் தொட்டால் முகம் வெளுக்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிப்போன இந்த வேலைக்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன. எதை மாற்றுவது, எந்த நிறத்துக்கு மாற்றுவது என்று தீர்மானிப்பது ஒன்று. தீர்மானித்த இடத்தில் வண்ணத்தை வைப்பது இன்னொன்று. வரலாற்றில் இந்த இரண்டும் ஒரே கையில் இருந்தது அபூர்வம். வண்ணம் வைக்கும் வேலை பெண்களிடம் கூலிக்கு விடப்பட்டது. தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் அவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. இந்த வித்தையைச் சோதித்துப் பார்க்க முகம் தேவைப்பட்டபோது மட்டும் மறுபடியும் பெண்கள் அழைக்கப்பட்டார்கள்.

நான் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தொழிலில் 14 ஆண்டுகளாக இருப்பவள். என் கையில் இருக்கும் கருவி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது அகப்பட்டவை இவை.

பாரிஸில் ஒரு பட்டறை

சினிமா பிறந்து சில ஆண்டுகளிலேயே அதற்கு வண்ணம் வேண்டும் என்ற ஆசையும் பிறந்துவிட்டது. வண்ணத்தைப் பதிவு செய்யும் ஃபிலிம் அப்போது புழக்கத்தில் இல்லை. கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் மேல், ஒவ்வொரு சட்டகத்திலும், தூரிகையால் வண்ணம் தொட்டார்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு சட்டகம் தபால்தலை அளவுதான் இருக்கும். நொடிக்கு 16 சட்டகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடப் படத்துக்கு 960 தபால்தலைகள். ஜார்ஜ் மெலியேயின் ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’ 1902-இல் வந்தது. அதில் 13,000-க்கும் மேற்பட்ட சட்டகங்கள். ஒரு பிரதிக்கு அத்தனை. அடுத்த பிரதிக்கு மறுபடியும் முதலிலிருந்து.

மெலியேயின் படங்களுக்கு வண்ணம் பூசிக்கொடுத்தது பாரிஸில் எலிசபெத் துய்லியே, அவர் மகள் பெர்த் ஆகியோரின் பட்டறை. கண்ணாடியிலும் செல்லுலாய்டிலும் வண்ணம் தீட்டும் தொழிலிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள். 1929-இல் மேடம் துய்லியே ஒரு பேட்டி கொடுத்தார். தம்மிடம் 220 தொழிலாளிகள் இருந்தார்கள் என்று அதில் சொல்கிறார். இரவில் உட்கார்ந்து எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று தேர்வு செய்வார். பகலில் தொழிலாளிகள் அதன்படி பூசுவார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு வண்ணம்தான். சிவப்பு பூசுகிறவள் சிவப்பை மட்டும் பூசி அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். ஒரே படத்தில் 20 வண்ணங்களைத் தாண்டிய நாட்களும் உண்டாம்.

இந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து சிவப்பு வைக்கிறவளுக்கு அந்தப் படத்தின் கதை தெரிந்திருக்கத் தேவையில்லை. மெலியேயின் பெயர் உலக சினிமா வரலாற்றில் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. வண்ணம் தொட்ட பெண்களின் பெயர் அந்தப் படங்களில் எங்கும் வராது. ஆனாலும் துய்லியே பட்டறை ஒரு விதிவிலக்கைக் காட்டுகிறது. இரவில் விழித்திருந்து வண்ணத்தைத் தீர்மானித்ததும் ஒரு பெண்தான்.

ஊசியால் வெட்டிய பகுதி

சினிமா பெருந்தொழிலானதும் தூரிகை தாக்குப்பிடிக்கவில்லை. பாத்தே நிறுவனம் பாரிஸை அடுத்த வென்சென்னில் ஸ்டென்சில் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. ஒரு வண்ணத்துக்கு ஒரு தனிப் படச்சுருள். அந்த வண்ணம் வரவேண்டிய பகுதியை மட்டும் ஊசியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிய சுருளைப் படத்தின் மேல் பொருத்தி, சாயம் தோய்ந்த வெல்வெட் நாடாவை அதன் மேல் ஓடவிட்டால், ஓட்டை வழியே சாயம் இறங்கும். மற்ற இடங்கள் தப்பிக்கும். பெரிதாக்கிய பிம்பத்தின் ஓரத்தைத் தொழிலாளி கோலால் வரைந்துகொண்டே போக, அதோடு இணைந்த ஊசி ஃபிலிமை வெட்டும் இயந்திரமும் வந்தது. இந்தப் பட்டறைகளிலும் பெண்களே நிறைந்திருந்தார்கள். மெல்லிய விரல், பொறுமை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். தையலுக்கும் பூவேலைக்கும் சொன்ன அதே காரணம். குறைந்த கூலி என்பதைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

‘மாறவேண்டியது இது, தப்பவேண்டியது மற்றவை’ என்ற அந்த ஓட்டையின் தர்க்கம்தான் இன்று என் கணினியில் ‘மாஸ்க்’ என்ற பெயரில் இருக்கிறது. நடுவில் அது அச்சுக்கூடத்தில் வாழ்ந்தது. ரூபிலித் என்ற சிவப்புத் தாளைக் கத்தியால் வெட்டி, படத்தில் தேவையான பகுதியைப் பிரிப்பார்கள். அச்சுக்கூட ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால்தான் சிவப்பு. ஃபோட்டோஷாப்பில் ‘குயிக் மாஸ்க்’ போட்டால் படத்தின் மேல் ஒரு சிவப்புப் படலம் விரியுமே, அது இந்தத் தாளின் ஞாபகம்.

மாதிரிக்கு வந்த மூன்று பெண்கள்

கையாக இருந்த பெண்களின் கதை இது. மாதிரியாக இருந்த பெண்களின் கதை வேறு.

1950-களில் கோடாக் நிறுவனம் தன் வண்ண ஃபிலிமைப் பிரதி எடுக்கும் லேப்களுக்கு ஒரு அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அழகாக உடுத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் தோல் சரியாக விழுந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் நின்ற பெண் ஷெர்லி பேஜ், அங்கே வேலை பார்த்தவர். பிறகு வேறு வேறு பெண்கள் வந்தார்கள். அட்டைக்குப் பெயர் மட்டும் ‘ஷெர்லி அட்டை’ என்றே நிலைத்துவிட்டது. சில அட்டைகளில் ‘நார்மல்’ என்றே அச்சிட்டிருந்தது. கறுப்பு முகங்கள் அந்த ஃபிலிமில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய இருளுக்குள் போயின. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பழுப்பின் வகைகளைச் சரியாகக் காட்டு என்று கோடாக்கை நெருக்கியவர்கள் சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் என்பது அதில் வரும் செய்தி. வெள்ளை, ஆசிய, கறுப்பினப் பெண்கள் மூவரும் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது.

1973-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், கணினிப் படங்களை ஆராயும் கூடத்தில், சோதனைக்கு ஒரு நல்ல படம் தேடினார்கள். கையில் அகப்பட்டது 1972 நவம்பர் ‘ப்ளேபாய்’ இதழ். அதன் நடுப்பக்கப் பெண்ணின் படத்தில் மேற்பகுதியை மட்டும் தோள் வரைக்கும் 512-க்கு 512 புள்ளிகளாகக் கணினிக்குள் ஏற்றினார்கள். லேனா ஃபோர்சேன் என்ற அந்த ஸ்வீடன் பெண்ணின் முகம்தான் பல பத்தாண்டுகளுக்கு நிறம், கூர்மை, சுருக்கம் என எல்லாவற்றுக்கும் உரைகல். தம் முகம் இப்படி உலகம் சுற்றுவது அவருக்கே பல ஆண்டுகள் தெரியாது. பாடநூலைத் திறக்கிற ஒவ்வொரு மாணவியும் அந்த முகத்தைக் கடந்தே கணினிப் படவியலுக்குள் நுழைந்தாள். 2019-இல் லேனாவே ஓர் ஆவணப்படத்தில் தம்மை விட்டுவிடச் சொன்னார். ஐஇஇஇ கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது.

மூன்றாமவர் ஜெனிஃபர். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் 1980-களின் இறுதியில் ஃபோட்டோஷாப்பை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்துகாட்ட, போரா போரா தீவின் கடற்கரையில் தம் காதலி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் படத்தை ஜான் பயன்படுத்தினார். அவரைத் தேர்ந்தெடுத்து, பிரதியெடுத்து, பக்கத்தில் இன்னொரு ஜெனிஃபரை உட்காரவைப்பதுதான் வித்தை. 1990 பிப்ரவரியில் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. தேர்வுக் கருவியால் சுற்றிவளைக்கப்பட்ட முதல் உருவங்களில் ஒன்று ஒரு பெண்ணின் உடல்.

மூன்று பேரும் வெவ்வேறு காரணத்துக்காக வந்தவர்கள். மூவரிலும் பொதுவானது ஒன்றுதான்: கேமராவுக்கும் இயந்திரத்துக்கும் பின்னால் இருந்தவர்கள் பார்க்க விரும்பியதே ‘சரியான’ படத்துக்கு அளவுகோலாகியது.

‘கலர்’ என்றால்

இனி என் மேசைக்கு வருகிறேன். புடவையின் நிறத்தை மாற்ற நாங்கள் சாயலைத் திருப்புவோம். நிறம் ஒரு வட்டம் என்றும், சாயல், செறிவு, வெளிச்சம் என்று அதைப் பிரிக்கலாம் என்றும் வைத்துக்கொண்டால், சாயலை மட்டும் நகர்த்தும்போது கொசுவத்தின் நிழல் அப்படியே இருக்கும். சிவப்பு மட்டும் ஊதாவாகும். தோலுக்கு இந்த வழி ஆகாது. மனிதத் தோல் எல்லாமே, எவ்வளவு கறுத்தாலும் எவ்வளவு வெளுத்தாலும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவேதான் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் எதிரெதிர் நிறங்கள் என்று ஊர் சொல்வதை மென்பொருள் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் தோலை ‘ஏற்ற’ வேண்டுமென்றால், படத்தில் உள்ள சிவப்பிலிருந்தும் மஞ்சளிலிருந்தும் கருமையைக் குறைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கல்யாணப் பெண்ணின் உடலில் சிவப்பும் மஞ்சளும் தோலில் மட்டுமா இருக்கிறது? குங்குமம், மருதாணி, தாலிக்கயிற்றின் மஞ்சள், தங்க நகை, கூறைப்புடவை எல்லாம் அதே நிறங்கள். தோலை வெளுத்தால் தாலிக்கயிறும் சேர்ந்து வெளுக்கும். ஆகவே மாஸ்க் போட வேண்டும். நகையைச் சுற்றி, பொட்டைச் சுற்றி, கயிற்றைச் சுற்றி ஓரம் வெட்டி அவற்றைக் காப்பாற்றிவிட்டு, நடுவில் எஞ்சும் பெண்ணை மட்டும் மாற்ற வேண்டும். நகையின் நிறம் மாறினால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மகளின் நிறம் மாறினால் நன்றி சொல்வார்கள்.

தமிழில் நமக்கு இதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. “பொண்ணு நல்ல கலர்” என்றால் வெளுப்பு. “கலர் கொஞ்சம் கம்மி” என்றால் கறுப்பு. ஆயிரம் நிறம் இருக்கும் உலகில் ‘கலர்’ என்ற சொல்லை ஒரே நிறத்துக்கு எழுதிவைத்துவிட்டோம். பெண் பார்க்கும் பேச்சில் சாதியைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்வதும், நிறத்தைச் சொல்லாமல் சாதியைச் சொல்வதும் புதிதல்ல. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975-இல் வந்தது. பெயரிலிருந்து ‘ஃபேர்’ போக 2020 வரை ஆனது. அதே 2020-இல்தான் ஷாதி.காம் திருமணத் தளம் வரன்களைத் தோல் நிறத்தால் வடிகட்டும் வசதியை எதிர்ப்புக்குப் பிறகு நீக்கியது. எதிர்ப்புக்கு நம் ஊரிலும் வேர் உண்டு. ‘கறுப்பே அழகு’ என்ற பொருளில் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தை 2009-இல் தொடங்கியது சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு.

ஒருமுறை படம் தேர்வு செய்ய மணப்பெண்ணும் மாமியாரும் சேர்ந்து வந்தார்கள். “முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும்மா” என்றார் மாமியார். அந்தப் பெண் திரையில் இருந்த குடும்பப் படத்தைக் காட்டி, “என்னை மட்டும் வெளுத்தீங்கன்னா பக்கத்துல நிக்கிற எங்கம்மா யாரோ மாதிரி ஆயிருவாங்கக்கா. நான் அவங்க நிறம்” என்றாள். மாமியார் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு வேறு பக்கத்துக்குப் போகச் சொன்னார். அந்த ஆல்பம் எடுத்தபடியே அச்சுக்குப் போனது. நிறத்தை மாற்றுவது அழகுபடுத்துவது என்றே பேசிப் பழகியவர்கள் நாம். அது ஒருத்தியை அவள் தாயிடமிருந்து வெட்டி எடுப்பதும்தான் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

யார் கையில் தேர்வு

சில நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் அதை அறிவிக்க வேண்டும். தோல் நிறம் அதில் வராது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நார்வே சட்டம் உடலின் வடிவம், அளவோடு தோலையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றம், கறுத்த தோலைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று 2014-இல் விதி செய்தது. எல்லாமே விளம்பரத்துக்கு. கல்யாண ஆல்பத்துக்கும் கல்லூரி அடையாள அட்டைக்கும் சட்டம் வராது. அங்கே கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்று ஆல்பக் கடைகளிலும் டிடிபி மையங்களிலும் சுட்டியைப் பிடித்திருப்பதில் எத்தனையோ பேர் இளம்பெண்கள். துய்லியே பட்டறையின் தொழிலாளிகளைப்போல இவர்களும் அடுத்தவர் சொன்ன வண்ணத்தை வைக்கிறார்கள். ஆனால் இவர்களிடம் ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. ஃபிலிமில் விழுந்த சாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. 1996-இல் ஃபோட்டோஷாப்பில் வந்த ‘அட்ஜஸ்ட்மென்ட் லேயர்’ மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. மாற்றம் ஒரு கண்ணாடித் தாள்போல மேலே கிடக்கும். அதன் பக்கத்தில் சிறிய கண் ஒன்று வரைந்திருக்கும். அதை ஒருமுறை தட்டினால் மாற்றம் மறைந்து எடுத்தபடியே படம் தெரியும்.

படிக்கும் மாணவிகளுக்கும், கல்யாணமாகப் போகிறவர்களுக்கும் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஆல்பக் கடைக்கு உங்கள் படத்தைப் பார்க்க நீங்களே போங்கள். “அந்தக் கண்ணை அணைச்சுக் காட்டுங்கக்கா” என்று கேளுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு எது வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.