யாரிடம் அனுமதி கேட்பது? - ‘கிரேஸ்லாண்ட்’ இசைத்தட்டும் பகிஸ்கரிப்பும்

போல் சைமனின் ‘கிரேஸ்லாண்ட்’ 1986 ஓகஸ்ட்டில் வெளிவந்தது. பொப் இசை வரலாற்றை எழுதுபவர்கள் அதன் விற்பனையையும், 1987இல் அதற்குக் கிடைத்த கிராமி விருதையும் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால் அந்த இசைத்தட்டைச் சுற்றி எழுந்த சர்ச்சை விருதுகளைவிட முக்கியமானது. ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரால் பேசும் உரிமை யாருடையது என்பதே அதன் மையமாக இருந்தது.

தென்னாபிரிக்க நிறவெறி அரசுடன் கலாசார, கல்வி, விளையாட்டுத் தொடர்புகளைத் துண்டிக்குமாறு ஐ.நா. பொதுச்சபை 1980 டிசம்பரில் கோரியது. இது வெறும் காகிதத் தீர்மானமல்ல. ‘சுதந்திர நாடு’ என்று பிரிட்டோரியா சோடித்து வைத்திருந்த பொபுதற்சுவானாவில் சண் சிற்றி என்றொரு கேளிக்கை நகர் இருந்தது. மேற்கின் பாடகர்களைப் பெரும்பணம் கொடுத்து அங்கு வரவழைத்தார்கள். போகமாட்டோம் என்று 1985இல் பல ரொக், ராப் கலைஞர்கள் கூட்டாக ஒரு பாடலையே வெளியிட்டனர். சைமனும் சண் சிற்றி அழைப்பை மறுத்தவர்தான்.

அதே 1985இன் தொடக்கத்தில் அவர் ஜொகன்னஸ்பேர்க் சென்று கறுப்பு இசைக்கலைஞர்களுடன் ஒலிப்பதிவு செய்தார். முதலில் ஆபிரிக்க தேசிய காங்கிரசுடன் பேசும்படி பாடகர் ஹரி பெலபொன்ரே ஆலோசனை கூறியும் அவர் பேசவில்லை. கலைஞன் அரசியல்வாதியிடம் அனுமதி பெறுவதா என்பது அவரது வாதம். உள்ளூர்க் கலைஞர்கள் தமக்குள் வாக்களித்தே தன்னை வரவேற்றதாகவும் சொன்னார். நியூயோர்க் சங்கக் கூலியின் மும்மடங்கைக் கொடுத்தார். ஜோசப் ஷபலாலா போன்றோருடன் பாடலாக்க உரிமையையும் பகிர்ந்துகொண்டார். இந்த நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அனுமதி கேட்க மறுப்பது அமெரிக்க நட்சத்திரம் ஒருவருக்கு இலகு. சொந்த நாட்டில் நடமாடுவதற்கே கறுப்பர்கள் அனுமதி அட்டை சுமக்கவேண்டியிருந்த காலம் அது.

1987 ஏப்ரலில் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் நிகழ்ச்சி நடந்தபோது எதிர்ப்பு உச்சமடைந்தது. மண்டேலாவின் விடுதலைக்காக 1984இல் பாடல் எழுதிய ஜெரி டாமர்ஸ், பில்லி பிராக், போல் வெல்லர் ஆகியோர் சைமன் மன்னிப்புக் கோரவேண்டுமென்று கடிதம் கொடுத்தனர். வெளியே மறியல். உள்ளே மேடையில் நின்றவர்களோ மிரியம் மக்கேபாவும் ஹியூ மசெகெலாவும்! 1960இலிருந்து தாயகம் திரும்பமுடியாதிருந்தவர்கள் இருவரும். மண்டேலாவை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்ற தனது பாடலை மசெகெலா அதே பயணத்தில்தான் பாடிவந்தார். நிறவெறி எதிர்ப்பின் சான்றிதழை இவர்களுக்கு லண்டனில் யார் வழங்குவது?

கிற்றார் கலைஞர் ரே பிரி பின்னாளில், 2012இல் வந்த விவரணப்படமொன்றில், சுற்றுப்பயணத்தைக் கைவிடும்படி லண்டனில் தன்னிடம் கூறப்பட்டதை நினைவுகூர்ந்தார். பாதிக்கப்பட்டவனையே எப்படி இரண்டாம் முறை தண்டிப்பது என்று தான் திருப்பிக் கேட்டதாகச் சொன்னார். இக்கேள்விக்குப் பகிஸ்கரிப்பாளர்களிடம் தயார்நிலைப் பதில் இருக்கவில்லை. பகிஸ்கரிப்பு சரியான ஆயுதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரசுக்கு எதிராக நீட்டிய ஆயுதம் சொவெற்றோவின் கலைஞனையும் குத்தியது. அதைச் சொன்னவனுக்குத் துரோகி என்ற சந்தேகமே பதிலாகக் கிடைத்தது. (இது எம்மில் பலருக்குப் புதிய அனுபவமல்ல.)

இதை முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர், வியப்பாக, இயக்கத்தின் தலைவரே. மறியல் நடந்து ஒரு மாதத்தின் பின், 1987 மே மாதத்தில், லண்டன் உரையொன்றில் ஒலிவர் தம்போ முழுப் பகிஸ்கரிப்பைத் திருத்தினார். மக்களிடமிருந்து எழும் கலையை அரசின் கலையிலிருந்து வேறுபடுத்த வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அந்த டிசம்பரில் அம்ஸ்ரடாமில், உள்ளிருந்து வந்த கலைஞர்களும் புகலிடக் கலைஞர்களும் ஒரே மாநாட்டில் அமர்ந்தனர்.

ஆனால் எது மக்களின் கலை என்று தீர்மானிக்கும் அதிகாரம் இயக்கத்திடமே தங்கியது. 1992 ஜனவரியில் சைமன் ஜொகன்னஸ்பேர்க்கில் பாடவந்தபோது காங்கிரசின் ஆதரவு அவருக்கு இருந்தது. பகிஸ்கரிப்பு இன்னும் முடியவில்லை என்றது வேறொரு விடுதலை அமைப்பு. நிகழ்ச்சியுடன் தொடர்புபட்ட அலுவலகம் ஒன்றின்மீது கைக்குண்டுகள் வீசப்பட்டன.