பூட்டிய பையும் பத்தாயிரம் கடிதங்களும்

1962ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆங்கில எழுத்தாளர் வீற்றா சாக்வில்-வெஸ்ற் காலமானார். கென்ற் பகுதியிலுள்ள சிசிங்ஹேர்ஸ்ற் இல்லத்தின் கோபுர அறையில் இருந்துதான் அவர் எழுதுவார். அவர் உயிரோடிருந்தவரை அந்த அறைக்குள் பிள்ளைகள்கூட அரிதாகவே நுழைந்தனர். தாயாரின் தாள்களை ஒழுங்குபடுத்தச் சென்ற இளைய மகன் நைஜல் நிக்கல்சன், அங்கே பூட்டிய தோற்பை ஒன்றைக் கண்டார். திறப்பு இல்லை. பூட்டைச் சுற்றியிருந்த தோலை வெட்டித் திறந்தார். உள்ளே பென்சிலால் எழுதப்பட்ட குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. தாயார் 1920 ஜூலையில் எழுதத் தொடங்கிய ஒப்புதல் வாக்குமூலம் அது.

லெனாட் வூல்ஃப் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றியவர் என்ற ஒரே காரணத்துக்காக, அவரையும் அவர் மனைவி வேர்ஜீனியாவையும் சூழ்ந்திருந்தவர்களின் நூல்களை நான் ஒரு காலத்தில் தேடித் தேடி வாசித்தேன். வீற்றாவின் கதை எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

1913இல் வீற்றா, இராஜதந்திரியான ஹரல்ட் நிக்கல்சனை மணந்தார். இரண்டு ஆண்மக்கள். 1918இல் இளமைத் தோழி வயலெற்றின் மீது அவருக்குக் காதல் மூண்டது. வயலெற்றின் தாயார் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் ஆசைநாயகியாக இருந்தவர். அடுத்த ஆண்டில் வயலெற்றும் டெனிஸ் ட்ரெஃபியூசிஸ் என்பவரை மணந்தார். ஆனால் காதல் ஓயவில்லை. 1920 பெப்ரவரியில் இருவரும் பிரான்ஸுக்குப் புறப்பட்டனர், திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்துடன். இரண்டு கணவன்மாரும் ஒரே சிறு விமானத்தில் ஏறி அமியான் நகரம் வரை துரத்திச் சென்றனர். எந்த நாடக ஆசிரியரும் இப்படி ஒரு காட்சியை எழுதத் தயங்குவார். வீற்றா வீடு திரும்பினார்.

அவர் வீட்டைவிட்டுப் போன நாட்களில் நைஜலுக்கு வயது மூன்று. தன்னையும் அண்ணனையும் விட்டுப் போகத் தாயார் துணிந்தார் என்பதை நாற்பத்தைந்தாவது வயதில், அவருடைய கையெழுத்திலேயே மகன் வாசிக்கிறார்.

வாக்குமூலத்தோடு கதை முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் ஐரோப்பாவின் எல்லைகளை வரைந்த குழுக்களில் பணியாற்றியபடியே ஹரல்ட் மனைவிக்கு எழுதினார். பின்னர் தெஹ்ரானிலிருந்து எழுதினார். பாராளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் வார நாட்களில் லண்டனில் தங்கி, அங்கிருந்து நாள்தோறும் எழுதினார். அவருக்கும் ஆண்களுடன் உறவுகள் இருந்தன. 1917இலேயே அதை மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆகவே இங்கே மன்னித்தவர் ஒருவர், மன்னிக்கப்பட்டவர் மற்றவர் என்று பிரிக்க முடியாது. 'மன்னித்தேன்' என்று எழுதிய பெரிய கடிதத்தைத் தேடுபவர் ஏமாந்துபோவார். செடி, நாய், பிள்ளைகளின் படிப்பு, பணக் கஷ்டம் என்று நாற்பதாண்டு நாளாந்தச் செய்திகள்தான் நிறைந்து கிடக்கின்றன. 1940இல் ஜேர்மனியர் கரையிறங்கினால் அவர்கள் கையில் அகப்படாமல் இறந்துவிடுவதற்காக இருவரும் நஞ்சு தேடியதுகூட, தோட்டச் செய்திகளுக்கிடையே கடிதத்தில்தான் பேசப்படுகிறது.

நைஜல் பொறுத்திருந்தார். தந்தையார் 1968இலும் வயலெற் 1972இலும் இறந்த பின்னர், 1973இல் நூலை வெளியிட்டார். ஐந்து பகுதிகளில் இரண்டு தாயாரின் வாக்குமூலம். மற்ற மூன்றில் கடிதங்களை வைத்து மகன் கதை சொல்கிறார். தாயின் மானத்தை விற்றார் என்று ஏசியவர்களும் உண்டு. பத்திரிகை ஆசிரியப்பீடத்தில் பிறர் கடிதங்கள் பல என் கைக்கு வந்ததுண்டு. அச்சேற்றாமல் திருப்பிய பழக்கத்தால் முதலில் நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் தன்னைப் போன்றவர்களை உலகம் புரிந்துகொள்ளும் காலம் வரும் என்ற நம்பிக்கையை வீற்றாவே அந்தக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வாக்குமூலத்தை மட்டும் வெளியிட்டிருந்தால் அது வம்பு. கடிதங்களையும் சேர்த்தபடியால் அது வரலாறாயிற்று.

ஒரு குறை எனக்கு இன்னும் உண்டு. வீற்றா வயலெற்றுக்கு எழுதிய கடிதங்களை டெனிஸ் எரித்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. டெனிஸ் 1929இல் காசநோயால் இறந்தார். அந்த வீட்டில் யார் யாரை மன்னித்தார்கள் என்பதைச் சொல்ல இத்தகைய கடிதக் குவியல் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டிலும் கடிதக்கட்டு ஒன்று உண்டு. தந்தையார் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். தாயார் வடமராட்சியில் எங்களோடு இருந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்கள் தபாலில்தான் வாழ்ந்தன. நான் ஐந்தாம் வகுப்பில் படித்த ஆண்டு முழுவதும் தந்தையார் ஊருக்கு வரவேயில்லை. ஏன் என்று எவரும் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கும் இருக்கவில்லை. மறு ஆண்டு சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தார். ஒன்றும் நடவாததுபோல் திண்ணையில் இருந்து தேநீர் குடித்தார்.

1995இன் இடப்பெயர்வில் றங்குப்பெட்டியை விட்டுவிட்டு, அதற்குள் இருந்த கடிதக்கட்டை மட்டும் தாயார் எடுத்து வந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. வாசிக்கலாமா என்று தங்கையிடம் கேட்டேன்.

"எரிக்கவேணுமெண்டு அம்மா நினைச்சிருந்தா, அடுப்பு பக்கத்திலதானே இருந்தது, அண்ணை" என்றாள்.

சென்ற கிழமை உறைகளின் மேலிருந்த அஞ்சல் முத்திரைகளை மட்டும் பார்த்தேன். தந்தையார் வராத அந்த ஆண்டிலும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எண்ணினேன். முப்பத்தொன்று.